பங்காளிக்குப் பயந்து வந்த நரி

பிப்ரவரி மாதம். இரவெல்லாம் பெய்த பனி விடியும்போது ஓய்ந்திருந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். வேலி மூலையிலிருந்து தோட்டத்துக் கொட்டகை வரைக்கும், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, ஒரே கோட்டில் காலடித் தடங்கள். நாய் இப்படி நடக்காது. நாலு பக்கமும் மோந்து பார்த்து, வளைந்து, திரும்பி, பனியைக் கலைத்திருக்கும். இது முன்னங்கால் பதிந்த குழியிலேயே பின்னங்காலையும் வைத்துப் போன நடை. குனிந்து பார்த்தேன். தடம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. விளிம்பு மட்டும் பஞ்சால் ஒற்றியது போல மழுங்கியிருந்தது. குளிர்காலத்தில் செந்நரியின் உள்ளங்காலில் முடி அடர்ந்துவிடும். அதனால் விரல்கள் தெளிவாகப் பதியாது.

கொட்டகைக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி உண்டு. தடங்கள் அங்கே போய் முடிந்திருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏரிக்கரையில் நரியைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாம் போய்விட்டன என்றே நினைத்திருந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன். “நரி முகத்துல முழிச்சா நல்லதுடி. வெரட்டிடாத” என்றாள். அவள் மனதில் இருந்தது வேறு நரி. எங்கள் ஊர்ப் பக்கம் நரி என்றால் ராத்திரியில் ஊளையிடும் அந்த நரிதான். அது நாய், ஓநாய் இனத்தைச் சேர்ந்தது. என் கொட்டகைக்கு அடியில் வந்தது செந்நரி, தனி இனம். நம் ஊர் ஊளை நரிக்கு இங்கே நெருங்கிய சொந்தம் என்றால் அது கயோட்டி. தமிழில் இரண்டுக்கும் நரி என்று ஒரே பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கதையே அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகையைப் பற்றியது. அதனால் பிரித்தே எழுதுகிறேன்: சின்னது நரி, பெரியது கயோட்டி.

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில். மெண்டோட்டா ஏரிக்கரையில் பல்கலைக்கழகம் பாதுகாத்து வைத்திருக்கும் காடும் சதுப்பும் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். வந்த புதிதில் அந்தப் பாதையில் வாரத்துக்கு ஒரு நரியாவது கண்ணில் படும். அப்புறம் ஒரு குளிர்காலத்தில் சதுப்புப் பக்கமிருந்து கயோட்டிக் குரல் கேட்க ஆரம்பித்தது. இரண்டே இரண்டு கயோட்டிகள் சேர்ந்தால் போதும், எட்டுப் பத்து இருக்கிற மாதிரி கேட்கும். குரலை அப்படி உடைத்து உடைத்து எழுப்பும். அந்தக் குரல் பழகப் பழக நரிகள் குறைந்தன.

போன வருஷத்துக்கு முந்தைய நவம்பரில், நாணல் ஓரமாகப் போகும் பாதையில் ஒரு நரி செத்துக் கிடந்தது. முதலில் ஏதோ செம்பழுப்புத் துணி என்று நினைத்தேன். கிட்டப் போனதும் வால் நுனியின் வெள்ளை மட்டும் காற்றில் அசைந்தது. என்னோடு வந்த பெண் வனவிலங்கியல் படிப்பவள். கையுறை போட்டுக்கொண்டு விலாப்பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு ஜோடிப் பற்குழிகள், சுற்றிலும் கன்றிப்போன தோல். ஒரு கவளம்கூடத் தின்றிருக்கவில்லை. பக்கத்துச் சேற்றில் நரித் தடத்தைவிடப் பெரிய, நகம் தெளிவாகப் பதிந்த தடங்கள். கயோட்டி.

தெருவில் செய்தி பரவியது. அடுத்த வாரம் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினார்கள். “பசிக்குக் கொன்றால் சரி. கொன்று போட்டுவிட்டுப் போகிறது என்றால் அது வெறி அல்லவா? பிடித்து ஒழித்துவிட வேண்டும்” என்றார் ஒரு பெரியவர். அவர் நல்ல மனிதர். முப்பது வருஷமாக அந்த நரிகளைப் பார்த்து வளர்ந்த பாசத்தில் பேசினார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்ததும் கேட்டதும் கண்ணால் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் தின்னாத உடலிலிருந்தே தொடங்குகிறேன். கயோட்டி நரியைக் கொல்வது பெரும்பாலும் இரைக்காக இல்லை, பங்குக்காக. இரண்டும் தின்பது கிட்டத்தட்ட ஒன்றையே: எலி, முயல், பறவை, பழம், செத்த மான். நம் ஊரில் பங்காளிச் சண்டை என்று ஒன்று உண்டே, வரப்பு ஒன்றாக இருப்பதாலேயே வருவது, அந்த வகைப் பகை இது. செந்நரி 4 முதல் 6 கிலோ இருக்கும். கயோட்டி அதைப்போல் மூன்று மடங்கு. தன் எல்லைக்குள் நரி வளை தோண்டிக் குட்டி போட்டால், அத்தனை வாய்களும் தன் குட்டிகளின் எலியைத்தான் தின்னும். கயோட்டிக்கு அது பொறுக்காது.

ஆனால் பகை என்றதும் கண்ட இடத்தில் எல்லாம் கொன்று தீர்த்துவிடுகிறது என்று நினைக்கக் கூடாது. நரி அப்படி எளிதில் மாட்டாது. வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் இரண்டு விலங்குகளுக்கும் ரேடியோ பட்டை கட்டிப் பார்த்தார்கள். நரிகள் கயோட்டி எல்லைகளின் ஓரத்திலும், ஒரு கயோட்டிக் குடும்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடுபட்ட சந்துகளிலும் குடித்தனம் நடத்தின. ஆக, நரி குறைவதில் நேரடிச் சாவு ஒரு பங்கு. நல்ல இடத்தை விட்டுக்கொடுத்து, ஒதுங்கி, கிடைத்த சந்தில் குறைவாகக் குட்டி போட்டு வாழ்வது இன்னொரு பங்கு. சந்து தீர்ந்தால் நரியும் தீர்ந்தது.

சரி, இந்தப் பகை எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட விஷயம். இவர்களுக்கு மேலே மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.

சுப்பீரியர் ஏரி நடுவில் ஐல் ராயல் என்று ஒரு தீவு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே கயோட்டியும் இருந்தது, நரியும் இருந்தது. 1940-களின் கடைசியில் ஏரி உறைந்திருந்தபோது பனிக்கட்டி மேல் நடந்து ஓநாய்கள் வந்து சேர்ந்தன. பத்து வருஷத்துக்குள் தீவில் ஒரு கயோட்டி மிச்சமில்லை. நரிகள் மட்டும் நிலைத்தன. ஓநாய்கள் அடித்த மூஸ் என்ற பெரிய மானின் மிச்சத்தைத் தின்று பிழைத்தன. ஓநாயைப் பொறுத்தவரை கயோட்டி ஒரு பங்காளி. இந்தச் சின்ன நரி பொருட்டே இல்லை. ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் உடம்பளவில் அவ்வளவு தூரம், தீனியிலும் அவ்வளவு தூரம்.

யெல்லோஸ்டோனிலும் இதேதான் நடந்தது. 1920-களில் அங்கே ஓநாயை ஒழித்தார்கள். 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பூங்காவின் வடபகுதியில் கயோட்டிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஒரு தீவு, ஒரு பூங்கா மட்டும் என்றால் தற்செயல் என்று ஒதுக்கலாம். தாமஸ் நியூசம், வில்லியம் ரிப்பிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் கண்டம் முழுவதற்குமாக இதைப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது தோல் வியாபாரக் கணக்கு. கனடாவிலும் அலாஸ்காவிலும் கண்ணி வைப்பவர்கள் ஆண்டுதோறும் எத்தனை கயோட்டித் தோல், எத்தனை நரித் தோல் கொண்டுவந்தார்கள் என்ற பதிவு. ஓநாய் இருக்கும் இடங்களில் நரித் தோல் அதிகம். ஓநாய் இல்லாத இடங்களில் கயோட்டித் தோல் அதிகம். இரண்டுக்கும் நடுவில், ஓநாய் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் விளிம்பில், 200 கிலோமீட்டர் வரை அகலமான ஒரு பட்டை. அங்கே எந்தப் பக்கமும் சாயாத நிலை. அந்தக் கண்ணிக்காரர்கள் தோலை எண்ணி எண்ணிக் கணக்கில் போட்டபோது, தாங்கள் காட்டின் அதிகார வரிசையை எழுதிவைக்கிறோம் என்று நினைத்திருப்பார்களா? அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஸ்கான்சினில் ஓநாய்த் தலைக்குக் காசு கொடுத்தார்கள். 1960 வாக்கில் மாநிலத்தில் ஓநாயே இல்லை. எழுபதுகளில் பக்கத்து மின்னசோட்டாவிலிருந்து தானாக வந்து, இன்று ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. ஆனால் அவை வடக்குக் காடுகளிலும் மாநிலத்தின் நடுப்பகுதியிலும்தான். தெற்கில் மேடிசன் பக்கம் கூட்டம் எதுவும் கிடையாது. நாடு முழுவதும் இதே கதை. ஓநாய் போன இடத்தில் எல்லாம் கயோட்டி நுழைந்தது. இன்று ஹவாயைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. தெற்கே பனாமா வரைக்கும் போய்விட்டது. எனவே என் ஏரிக்கரைப் பாதையில் கிடந்த நரியைக் கொன்றது கயோட்டியின் பல்தான் என்றாலும், அந்தக் கயோட்டியை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது நாம்.

அந்தப் பெரியவர் சொன்னபடி கயோட்டியைப் பிடித்து ஒழித்தால்? இதை இந்த நாடு செய்துபார்க்காமல் இல்லை. மத்திய அரசின் வனவிலங்குச் சேவைத் துறை மட்டுமே சில ஆண்டுகளில் 60,000-க்கும் மேல் கொல்கிறது. விஸ்கான்சினில் வருஷம் முழுக்க வேட்டைக்கு அனுமதி. இத்தனைக்கும் அது பரவிக்கொண்டேதான் வந்தது. ஒரு ஜோடியைக் கொன்றால், இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் இளசுகள் உடனே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேற்கு டெக்சஸில் ஒரு பகுதியில் கயோட்டியைப் பாதிக்குப் பாதி குறைத்துப் பார்த்தார்கள். சாம்பல் நரி, காட்டுப்பூனை, முயல் எல்லாம் பெருகின. ஆனால் எலி வகைகள் சுருங்கி, கங்காரு எலி ஒன்றே அந்த நிலத்தை ஆள ஆரம்பித்தது. ஒரு நூலை இழுத்தால் எந்தப் பக்கம் தையல் பிரியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத துணி இது.

வாத்துக் கணக்கு ஒன்று உண்டு. நரிப் பாசத்தில் இருந்த எனக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. டக்கோட்டாப் புல்வெளிகளில் 1990 முதல் 1992 வரை வாத்துக் கூடுகளைப் பின்தொடர்ந்தார்கள். செந்நரி ஆளும் பகுதிகளில் 100 கூடுகளில் 17 தான் குஞ்சு பொரித்தன. கயோட்டி ஆளும் பகுதிகளில் 32. ஏன் என்றால், ஒரு கயோட்டிக் குடும்பம் வளைத்துக்கொள்ளும் நிலத்தில் பல நரிக் குடும்பங்கள் அடங்கும். தவிர, நரி புல்லுக்குப் புல் துழாவும். ஒரு கூட்டில் பசி தீர்ந்தாலும் விடாது. மிச்ச முட்டைகளைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்து வைக்கும். தரையில் அடைகாக்கும் பெட்டை வாத்தின் பக்கமிருந்து பார்த்தால் ஊளையிடும் அந்தக் கயோட்டிதான் காவல்காரர். கலிபோர்னியாவில் சான் டியேகோவின் புதர்க்காட்டுத் துண்டுகளிலும் 1990-களில் இதையே கண்டார்கள்: கயோட்டி வந்துபோகும் துண்டுகளில் வீட்டுப்பூனைகளும் நரிகளும் அடங்கின, புதர்ப் பறவை வகைகள் கூடுதலாக நிலைத்தன.

எலியின் பக்கமிருந்து பார்த்தால் கதை மாறும். இங்கே வெண்பாத எலி என்று ஒன்று. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் அதன் உடம்பில்தான் கிருமியை வாங்கிக்கொள்கின்றன. அந்த எலியைச் சலிக்காமல் பிடிப்பது நரி. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லைம் நோய் பெருகிய வரைபடம் மான்கள் பெருகியதோடு ஒத்துப்போகவில்லை, கயோட்டி பரவி நரி குறைந்ததோடு ஒத்துப்போகிறது என்று காட்டியது. ஒத்துப்போவது வேறு, காரணமாக இருப்பது வேறு. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கோடையில் நடந்துவிட்டு வந்து காலுறையைக் கழற்றி, கணுக்காலில் எள்ளளவு உண்ணியைத் தேடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஆய்வு ஞாபகம் வருகிறது.

மேலே உள்ளது போனால் நடுவில் உள்ளது எல்லாம் பெருகும் என்று ஒரே விதியாகச் சொல்லிவிடவும் முடியாது. சிகாகோவைச் சுற்றி 2000-இலிருந்து கயோட்டிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஸ்டான்லி கெர்ட், ரக்கூன் என்ற நடுத்தர இரைகொல்லிகளையும் சேர்த்துப் பார்த்தார். கயோட்டி அவற்றைப் பெரிதாகக் கொல்லவும் இல்லை, அவை அதைக் கண்டு ஒதுங்கவும் இல்லை.

மேடிசனிலேயே நகரத்தில் வாழும் நாய்க்குலம் (நரி, கயோட்டி) பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. பல்கலைக்கழகத்தின் டேவிட் டிரேக் நடத்தியது. விடியற்காலையில் கண்ணிகளைப் பார்க்கப் போகும்போது ஊர்க்காரர்களும் கூடப் போகலாம். ஒரு ஜனவரியில் நானும் போனேன். மூச்சு விட்டால் கண்ணிமையில் உறையும் குளிர். மயக்க ஊசி போட்ட ஒரு நரியைப் போர்வையில் கிடத்தி எடை போட்டார்கள், காதில் அடையாளம் குத்தினார்கள், கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அத்தனை பெரிதாகத் தெரிந்த விலங்கு கையில் வந்ததும் ஒரு தலையணை கனம்தான், மிச்சமெல்லாம் முடி. முன்னங்கால் முழங்கை வரைக்கும் கறுப்பு. என் விரல் பட்ட இடத்தில் விலா எலும்பும், அதற்குள் நாடித் துடிப்பும் தெரிந்தன. இந்த உடம்பு 15 கிலோ கயோட்டியின் கண்ணில் படாமல் தினமும் இரை தேடி வர வேண்டும். அதை மூளையால் தெரிந்துகொள்வது வேறு, விரலால் தெரிந்துகொள்வது வேறு.

அந்தத் திட்டத்தில் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 11 கயோட்டிகளையும் 12 நரிகளையும் பின்தொடர்ந்தார்கள். கயோட்டிகள் காடு, சதுப்பு போன்ற இயற்கை நிலத்தையே பெரிதும் தேர்ந்தெடுத்தன. நரிகள் வீடுகள் நெருங்கிய தெருக்களையும் திறந்த வெளிகளையும் தேர்ந்தெடுத்தன. முழுப் பகையும் இல்லை. சில இடங்களில் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. ஒரு கயோட்டி நரிக்குட்டிகள் இருந்த வளைப் பக்கம் பலமுறை வந்துபோயும், தாய் தகப்பன் நரிகள் வளையை விட்டுப் போகவில்லை. நகரத்தில் எலிக்கும் முயலுக்கும் மனிதர் சிந்தும் மிச்சத்துக்கும் பஞ்சமில்லை. வயிறு நிறைந்த இடத்தில் பங்காளிச் சண்டையும் கொஞ்சம் தணிகிறது போலும்.

இப்போது என் கொட்டகைக்கு வருகிறேன். நரி என்னைத் தேடி வரவில்லை. கயோட்டி மனிதரைக் கண்டு ஒதுங்குகிறது. அது ஒதுங்கும் இடம்தான் நரிக்குச் சந்து. ஓநாய் இருந்த இடத்தில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். என் பின்கட்டு விளக்கும் பக்கத்து வீட்டு நாயின் குரைப்பும் அதற்கு வேலி.

ஆனால் இந்த அடைக்கலத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் வாகீன் குட்டிநரி இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும், 1967-இலிருந்து அழிவின் விளிம்பில் உள்ளது என்று பட்டியலில் இருக்கும் நரி. வெளியே புல்வெளியில் கயோட்டி அதை விடுவதில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்குள் பள்ளி மைதானத்திலும் கால்வாய்க் கரையிலும் குடியேறி நூற்றுக்கணக்கில் பெருகியது. 2013-இல் அங்கே சொறி நோய் புகுந்தது. நெருக்கமாக வாழ்ந்ததாலேயே வளைக்கு வளை பரவி, முடி உதிர்ந்து உதிர்ந்து செத்தன. வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கில் இதையே ஒரு படி மேலே பார்த்திருக்கிறார்கள்: அங்கே ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும் பயந்து மனிதர் பக்கம் வந்தது கயோட்டி. அது துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் செத்த எண்ணிக்கை, எந்த விலங்குகளுக்குப் பயந்து ஓடி வந்ததோ அவற்றிடம் செத்ததைவிட மூன்று மடங்குக்கு மேல். மனிதர் பக்கம் ஒதுங்குகிற விலங்குக்கு நம்மை அடையாளம் தெரிவதில்லை. அதனால்தான் அந்த பிப்ரவரிக் காலையிலேயே கொட்டகைக்குள் இருந்த எலி மருந்து டப்பாவை எடுத்து, நகரத்தின் நச்சுக்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மருந்து தின்ற எலியை நரி தின்றால் அந்த விஷம் நரிக்கும் போகும். தீனி எதுவும் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை, சமையலறை ஜன்னல் வழியாக முதல் குட்டியைப் பார்த்தேன். செம்மை இன்னும் ஏறவில்லை. சாம்பலும் பழுப்புமாக ஒரு உருண்டை. கொட்டகை நிழலின் விளிம்புவரை வந்து, வெயிலில் ஒரு காலை வைத்துவிட்டு, சூடு பட்ட மாதிரி எடுத்துக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. ஒரு வாரத்தில் ஐந்தாக எண்ணினேன். தாய் வாயில் மூன்று நான்கு எலிகளை ஒன்றாகக் கவ்விக்கொண்டு வரும். வாலெல்லாம் மீசை மாதிரி தொங்கும்.

மே நடுவில் ஒரு ராத்திரி சதுப்புப் பக்கம் ஊளை எழுந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். தாய் நரி கொட்டகைக்கு வெளியே, காதை முன்னால் தள்ளி, ஒரு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊளை ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அசைந்தது. நான் எந்தப் பக்கம் என்று அந்த இரவில் என்னால் சொல்லியிருக்க முடியாது. அங்கே நாணலுக்குள்ளும் குட்டிகள் இருந்திருக்கும். கயோட்டி குட்டி போடுவது பெரும்பாலும் ஏப்ரலில்.

ஜூனில் நரிக் குடும்பம் இடம் மாறிவிட்டது. கொட்டகைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முயல் கால் ஒன்று, கடித்துக் குதறிய தோட்டக் கையுறை ஒன்று, யார் வீட்டிலிருந்தோ தூக்கி வந்த டென்னிஸ் பந்து. அக்கம்பக்கத்துக் கூட்டத்தில் பேசிய பெரியவரைக் கூட்டி வந்து காட்டினேன். முழங்காலை மடக்கக் கஷ்டப்பட்டு, புல்லில் படுத்தேவிட்டார். பந்து அவருடையதாம்.

இலையுதிர் காலத்தில் அந்த இடைவெளியைப் பலகை அடித்து மூடுவதற்குத் தச்சர் ஒருவரிடம் ஏற்கெனவே நாள் குறித்திருந்தேன். போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.